இடப்பக்கப் படி

ராக் ஸ்லைடர் என்கிற பெயரை நான் முதலில் கேட்டது பூந்தமல்லியில், வண்டி சாமான் விற்கும் ஒரு கடையில். காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிபார்மோடு அப்படியே பஸ் ஏறிப் போயிருந்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா வோணும்?"

"பிக்கப் வண்டிக்கு சைடுல மாட்டுற படி. இரும்பு வாணாம். வெயிட்டு இல்லாததா காட்டுங்க."

"வூட்ல ஆம்பளைங்க யாரும் வர்லியா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள். அன்றைக்கும் சும்மா இருக்கவில்லை. "ஏறப்போறது ஆம்பள. வாங்க வந்தது நானு. காட்டுறீங்களா, பக்கத்துக் கடைக்குப் போவட்டுமா?"

அவர் உள்ளே போய், நீளமாகப் பாய்போல் அட்டை சுற்றிய ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால் பளபளவென்று அலுமினியம். சதுரக் குழாய், மேலே கால் வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான தகடு. இது வெறும் படி இல்லையாம். பாறைமேல் ஏறி இறங்குகிற வண்டிகளுக்கானதாம். கீழே கல் இடித்தால் அடியைத் தான் வாங்கிக்கொண்டு வழுக்கிப் போய்விடுமாம், வண்டிக்கு ஒன்றும் ஆகாதாம். மெட்ராஸில் யாரோ ஒருத்தர் ஆசையாக ஆர்டர் கொடுத்துவிட்டு, மாட்டுவதற்குள் வண்டியையே விற்றுவிட்டாராம்.

"உங்க ஊர்ல பாறை கீதாமா?" என்று சிரித்தார்.

"ஒரகடம் ரோட்டுப் பக்கம் வந்து பாருங்க, தெரியும்," என்றேன். அப்போது சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் திரும்பும் இடமெல்லாம் ஜல்லியும் உடைத்த கான்கிரீட்டுமாகக் கிடக்கும்.

எனக்கு இடப்பக்கம் ஒன்று மட்டும் போதும். அதைக் கேட்டதும் அவருக்கு மறுபடியும் சிரிப்பு. "ஜோடிதாம்மா. ஒத்த செருப்ப யாருனா விப்பாங்களா?"

தெரியாமல்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது. ஜோடிச் செருப்பில் ஒன்று மட்டும் மாதக்கணக்கில் தேயாமல் கிடந்த வீடு எங்களுடையது. பேரம் பேச நினைத்திருந்தது எல்லாம் மறந்துபோய் இரண்டையும் கட்டித் தரச் சொன்னேன்.

அந்த பிக்கப் என் அண்ணனுடையது. எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது ஊரில் சிலர் மாடி கட்டினார்கள், சிலர் ஊர் சுற்றினார்கள். அண்ணன் வண்டி வாங்கினான். சின்னப் பட்டறைகளில் செய்கிற பாகங்களைப் பெரிய கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் இறக்குவான். பாரம் தாங்க வேண்டும் என்று பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டு, முன்பக்கத்தையும் தூக்கி வைத்திருந்தான். அதனால் அந்த வண்டி மற்ற வண்டிகளைவிட உயரம். "யானை மாதிரி நிக்குது பாரு" என்று பெருமையாகத் தட்டிக் காட்டுவான். அந்த உயரமே பிறகு அவனுக்கு வினையாகப் போயிற்று.

ஒருநாள் சரக்குக் கயிறு தளர்ந்துவிட்டது என்று சாலையோரம் நிறுத்தி, இறங்கி நின்று கட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போனது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அழைத்துவந்ததும் அந்த வண்டியில்தான். தெருக்காரர்கள் நாலு பேர் அக்குளிலும் தொடையிலும் கைகொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள், அதேபோல இறக்கினார்கள். ஆளுக்கு ஆள் "பாத்து, பாத்து" என்று கத்தினார்கள். யார்மேலும் தப்பில்லை. ஆனால் அண்ணன் கட்டிலில் சாய்ந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்: "இனிமே என்ன யாரும் மூட்ட தூக்குற மாதிரி தூக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

சொன்னதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டான். கட்டைக்கால் வந்தது, நடக்கப் பழகினான். கூடத்தில் நடப்பான், கொல்லைக்குப் போவான். வாசலைத் தாண்டமாட்டான். ஷேர் ஆட்டோவில் ஏற இறங்க நாலு பேர் கைகொடுப்பார்கள், அது வேண்டாம். பிக்கப் உயரம், அதுவும் வேண்டாம். அம்மா ஒருநாள் முக்காலியைக் கொண்டுபோய் வண்டியோரம் போட்டாள். "நான் இன்னா கல்யாண மாப்ளையா, முக்காலி போட்டு ஏத்தறதுக்கு?" என்று உள்ளே போய்விட்டான். வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டத் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவனை வைத்தோம். நல்ல பிள்ளை. சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

அந்த வருட ஆயுத பூஜையை என்னால் மறக்க முடியாது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்ததும், வண்டி யாருடையதோ அவர்தான் ஏறி உட்கார்ந்து பழத்தின்மேல் ஏற்ற வேண்டும். அந்த முறை டிரைவர் ஏற்றினான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் உள்ளே அண்ணன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தமும் கேட்டது. பொரியும் சுண்டலும் அவன் தட்டில் அப்படியே இருந்தன. அடுத்த ஆயுத பூஜைக்கு என் அண்ணன் யார் கையும் படாமல் அந்த வண்டியில் ஏறி உட்கார வேண்டும். அந்த வருடம் முழுக்க எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஓட்ட வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. டிரைவர் ஓட்டட்டும், பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தால் போதும் என்று குன்றத்தூர் முருகனிடமும் பேசி முடித்திருந்தேன்.

முதலில் இரும்புப் படிதான் வெல்டிங் வைத்தோம். ஊர் திருப்பத்தில் கிடந்த கான்கிரீட் பாளத்தில் இடித்து ஒரே வாரத்தில் மடங்கிக்கொண்டது. இன்னும் கனமான இரும்பாகப் போடலாம் என்றேன். டிரைவர் தலையை ஆட்டினான்.

"வேண்டாங்க்கா. கம்பெனி கேட்ல காலி வண்டிய எட போடுதாவ. இப்படிக் கனத்த இரும்பா வச்சோம்னா, எட எப்படிக் கூடுச்சு, ஏன் கூடுச்சுன்னு கேட்டே உயிர வாங்கிருவாவ."

அப்படித்தான் அலுமினியத்துக்கு வந்தோம்.

பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாசலில் மாட்ட ஆரம்பித்தோம். எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதை நான் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். கொல்லைப்பக்கப் படி ஒன்றைத்தான் அண்ணன் யார் உதவியும் இல்லாமல் ஏறுவான். அதைச் சாண் போட்டு அளந்தேன். அதே உயரத்துக்கு ஸ்லைடர் தொங்க வேண்டும் என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கீழே இறக்கினால் கல்லில் இடிக்கும் என்றான் அவன். இடிப்பதற்குத்தானே இது என்றேன்.

ஸ்லைடர் வேறு ஏதோ பெரிய வண்டிக்குச் செய்தது. நீளம் கொஞ்சம் அதிகம். ரம்பத்தால் அறுத்தோம். வெள்ளித் தூள் வாசலெல்லாம் கோலப்பொடி மாதிரி விழுந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஓட்டை போடாமல், கிளாம்ப் கொடுத்துப் பிடிக்க வேண்டும். டிரைவர் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டான். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஜன்னலிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"டேய், ஜாக்கி வெக்கிற எடமாடா அது? சரிஞ்சிடும். இன்னும் முன்னால தள்ளு."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிரைவர் ஜாக்கியைத் தள்ளி வைத்தான். சற்று நேரத்தில் குரல் ஜன்னலிலிருந்து கதவுக்கு வந்திருந்தது.

"அலுமினியத்தையும் இரும்பையும் நேரா சேக்காத. மழத்தண்ணி பட்டா அரிச்சிகினு போயிடும். நடுவுல பழைய டியூப வெட்டிப் போடு."

நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் உள்ளே போய்விடுவானோ என்று பயம். குனிந்தபடியே டியூபைக் கத்தரித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அலுமினியத் தூள் விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

இடப்பக்கத்தைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்தோம். மாட்டியதும் நான் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன், அசையவில்லை. இடப்பக்கக் கதவின் மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் முடுக்கினோம். அந்த சீட்டை சோப்புப் போட்டுத் துடைத்தேன். வலப்பக்கத்து ஸ்லைடரை, வாங்கிவிட்டோமே, கிடக்கட்டும் என்றுதான் மாட்டினோம். அதை நான் கிட்டப்போய்க்கூடப் பார்க்கவில்லை.

பூஜையன்று அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். யாரும் கூப்பிடவில்லை. தெருவில் அங்கங்கே நின்றவர்கள் வேறு பக்கம் பார்க்கிற மாதிரி எங்களைத்தான் பார்த்தார்கள். பழம் வைத்தாயிற்று, பூசணிக்காய் உடைத்தாயிற்று. அண்ணன் மெதுவாக நடந்து இடப்பக்கக் கதவுக்குப் போனான். கைப்பிடியைப் பிடித்தான்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. இடப்பக்கக் கதவில் ஏறுகிறவர் இடது காலைப் படியில் ஊன்றி, வலது காலை உள்ளே வைக்க வேண்டும். கொல்லைப் படியில் அண்ணன் வலது காலைத்தான் முதலில் வைப்பான், கட்டைக்காலைப் பின்னாலேயே இழுத்துக்கொள்வான். தினமும் பார்த்த காட்சிதான். படியின் உயரத்தை அளந்த நான் அவன் எந்தக் காலை வைக்கிறான் என்று பார்க்கவே இல்லை.

அவன் கட்டைக்காலைத் தூக்கி ஸ்லைடரில் வைத்தான். உடம்பை ஏற்றப் பார்த்தான். முழங்கால் மடங்கி, செருப்பு வழுக்கிக் கீழே வந்தது. கைப்பிடியில் தொங்கினான். தெருவிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள்.

"தொடாதீங்க!"

அப்படி ஒரு குரல். ஓடிவந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஊர் முன்னால் அவனை இப்படி நிறுத்திவிட்டேனே, சும்மா இருந்தவனை இழுத்துவந்து இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டேனே என்று உள்ளுக்குள் பதறியது. இனி அவன் வாசலுக்கே வரமாட்டான் என்று நினைத்தேன்.

அவன் இரண்டு காலையும் ஊன்றி நின்றான். இரைத்தது. படியைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். பிறகு பானெட்டைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தான். வீட்டுக்குள் போகிறான் என்றுதான் நினைத்தோம். போகவில்லை. சந்தனப் பொட்டெல்லாம் கையில் ஒட்ட, முன்பக்கமாகச் சுற்றி வலப்பக்கக் கதவுக்குப் போய்த் திறந்தான்.

கிடக்கட்டும் என்று நாங்கள் மாட்டிய ஸ்லைடரில் வலது காலை வைத்தான். நல்ல கால். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்து ஒரு எம்பு எம்பினான். கட்டைக்கால் காற்றில் அப்படியே உள்ளே போயிற்று. உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ வருடம் ஏறிய அதே பக்கம், அதே சீட்டு. அந்த இடத்தில் நாங்கள் யாருமே அவனை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"சாவி," என்று கையை நீட்டினான்.

டிரைவர் சாவியைச் சட்டையில் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தான். "பையப் போங்க அண்ணாச்சி. கிளட்ச்சு கொஞ்சம் டைட்டா இருக்கு."

அண்ணன் இடது தொடையைக் கையால் தூக்கி, குனிந்து பார்த்து, செருப்பைக் கிளட்ச்சின்மேல் வைத்தான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. திரும்பவும் காலைச் சரிசெய்தான், திரும்பவும் சாவியைத் திருப்பினான். இந்தமுறை நகர்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி பத்தடி போய் நின்றது.

அம்மா அழுதாள். ஊரும் கைதட்டவில்லை, கத்தவில்லை, அதற்காக இன்றைக்கும் அவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். அண்ணன் சாய்ந்து இடப்பக்கக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டான்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? ஏறு பாப்பா."

அவனுக்காக அளந்து மாட்டிய படியில் கால் வைத்து, அவனுக்காகத் துடைத்து வைத்த சீட்டில் நான் ஏறி உட்கார்ந்தேன்.