மீன் வீடியோவுக்கு நான் போட்ட மனு

செங்கல்பட்டில் ஒரு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு மனு எழுதுவது என் தொழில். பட்டா, முதியோர் பென்ஷன், பக்கத்து வீட்டுச் சாக்கடை, எதுவானாலும் 'பொருள்' என்று ஒரு வரி போட்டு விஷயத்தை நறுக்கென்று சொல்லிவிடுவேன். அந்தத் தலைக்கனத்தில்தான் என் கொழுந்தியாள் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

அவள் கோவளத்தில் மீன் வெட்டுகிறவள். பல வருஷம் அடுத்தவர் கடையில் கூலிக்கு வெட்டினாள். பிறகு செல்போனில் சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கி, காலையில் படகு வந்ததும் வஞ்சிரத்தையும் சங்கராவையும் வெட்டிக் காட்டி வீடியோ போட்டாள். பார்த்தவர்கள் போனிலேயே சொல்லிவைத்து வாங்கினார்கள். அவளுக்குக் கடையும் அதுதான், போர்டும் அதுதான்.

ஒரு நாள் அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனம் புதுக் கொள்கை கொண்டுவந்தது. அவள் வீடியோக்களின் மேல் கறுப்புத் திரை விழுந்தது. 'இதில் வன்முறைக் காட்சிகள் இருக்கலாம். பார்க்க விரும்புகிறீர்களா?' செத்த மீனுக்கு இவ்வளவு மரியாதை கோவளத்தில் எவரும் செய்ததில்லை.

கீழே கருத்துகள் குவிந்தன. இது வெளிநாட்டுச் சதி என்றார் ஒருவர். நம் சாப்பாட்டையே ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்று குமுறினார் இன்னொருவர். இன்றோடு இந்தத் தளத்தை விட்டு விலகுகிறேன் என்று அறிவித்தவர், மாலைக்குள் அதே அறிவிப்பை அங்கேயே மூன்று முறை போட்டார். நடுவில் ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வைத்தார். 'சங்கரா கெடைக்குமா?' என்று கேட்ட ஒரே ஒருவர்தான் வாடிக்கையாளர். போராட்ட நேரத்தில் மீன் கேட்கிறாயா, துரோகி என்று அவரைத் திட்டி விரட்டினார்கள்.

எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் நான் தொழில் தெரிந்தவன். கத்திப் பயனில்லை, மனு போட வேண்டும். ஒரே மனுவைப் பத்துப் பேர் போட்டால் அதற்குக் கனம் அதிகம். வீடியோவின் ஓரத்தில் 'புகார் அளிக்க' என்ற பட்டனைக் கண்டுபிடித்தேன். அழுத்தியதும், எதைப் பற்றி என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. அதாவது, பொருள். நம் பிரச்சினை வன்முறை பற்றியது. ஆகவே 'வன்முறை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இதைப் படிப்படியாக விளக்கி எழுதி, தெருக் குழு, ரயில் சீசன் டிக்கெட் குழு, பள்ளிக்கூட நண்பர்கள் குழு எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். உழைக்கும் பெண்ணுக்கு நீதி வேண்டும், தவறாமல் புகார் அளிக்கவும் என்று முடித்திருந்தேன். குழுக்களிலிருந்து உடனே பதில்கள் வந்தன.

'தட்டிட்டேன் தலைவரே.'

'வூட்ல நாலு போன்லயும் தட்டியாச்சு அண்ணாத்த.'

மத்தியானமே நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. 'உங்கள் புகாருக்கு நன்றி. நடவடிக்கை எடுத்துவிட்டோம்.' மனு போட்ட அன்றே நடவடிக்கை! என் ஆயுசில் கண்டதில்லை. மரத்தடியில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னேன். டீ வருவதற்குள் கொழுந்தியாளின் போன் வந்தது.

"மாமா, என் பக்கத்தையே காணோம். நெறய பேரு புகார் குடுத்தாங்கன்னு தூக்கிட்டாங்களாம். எவன் மாமா என் மேல இப்டி காண்டுல கீறான்?"

டீக்குக் காத்திராமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் 'கலக்கிட்டீங்க' என்று பாராட்டு வந்துகொண்டே இருந்தது. கோவளத்தில் அவள் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஏலத்தில் எடுத்த வஞ்சிரம் பெட்டிக்குள் கிடந்தது. மடியில் போன், ஒரு அழைப்புகூட இல்லை. நடந்ததைச் சொன்னேன். அவ்வளவு வெட்கம் நான் என்றும் பட்டதில்லை.

"அப்போ, வன்முறைன்னு மொதல்ல எழுதிக் குடுத்ததே நீதானா?"

மேல்முறையீட்டுக்கு ஒரு சிறிய கட்டம் கொடுத்திருந்தார்கள். 'ஐயா, வணக்கம். கோவளத்தில் வசிக்கும் மனுதாரர் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்' என்பதோடு கட்டம் நிரம்பிவிட்டது. அதை அப்படியே அனுப்பினேன். கண்ணாடியைக் கழற்றுவதற்குள் பதில் வந்தது. கவனமாகப் பரிசீலித்து நிராகரித்திருந்தார்கள்.

மறுநாள் அவள் பழையபடி கூலிக்கு வெட்டப் போனாள். என் மனைவி ஒரு வாரம் வெறும் ரசம் ஊற்றினாள்.

சில மாதம் கழித்துக் கொழுந்தியாள் புதுப் பக்கம் தொடங்கினாள். இப்போது முழு மீனைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. 'வெட்டறத காட்ட இன்னா பயம்?' என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். நாலு போனிலும் தட்டிய அதே புண்ணியவான்தான்.

எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கட்டைவிரலை நீட்டினேன், பயம் வந்துவிட்டது. அவளுக்கே போன் போட்டேன்.

"ஒரே ஒரு லைக் போட்டுக்கட்டுமா?"

அந்தப் பக்கம் மீன் செதில் சுரண்டும் சத்தம் நின்றது.

"எந்த பட்டன்னு மொதல்ல போட்டோ புடிச்சி அனுப்பு மாமா. பாத்துட்டு சொல்றேன்."