படங்குக்குக் கீழே சுருட்டர்

எங்கள் ஊரில் மலை கிடையாது. பெயருக்கு ஒரு மேடுகூட இல்லை. சண்டிலிப்பாயில் எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் பனையும் புகையிலையும் வெங்காயமும்தான். அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டுப் பின்னறையில், ஒரு மலைப்பாம்பு இருந்தது. அதைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பாம்பைக் கொண்டுவந்தவர் அண்ணை. வன்னியில் கூட்டாளி ஒருவரின் வீட்டுக்குப் போனவர், வாய்க்கால் கரையில் கிடந்த குட்டியை அரிசிப் பைக்குள் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பக்கத்துச் சீற்றில் இருந்தவர் பையில் என்ன என்று கேட்டாராம். பாவற்காய் என்றாராம் இவர். மீனெல்லாம் செத்து வெறுமையாகக் கிடந்த கண்ணாடித் தொட்டியில் குட்டி குடியேறியது. மீன்களுக்காகப் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த நீலக்கடல் படத்தை யாரும் கழற்றவில்லை. மத்தியானங்களில் கூரையின் கண்ணாடி ஓட்டால் வெயில் இறங்கி அந்தக் கடலில் விழும். மலையில்லாத ஊரில் ஒரு மலைப்பாம்பு, கடலைப் பின்னால் விட்டுச் சுருண்டு படுத்திருக்கும். மண்ணிறமும் தடிப்பும் ஒடுங்கிய நுனியும் சுருட்டுப்போல இருக்கக் கண்டு அண்ணை அதற்குச் சுருட்டர் என்று பெயர் வைத்தார். இரண்டு வருடத்தில் அது என்னைவிட நீளமாகிவிட்டது.

அம்மா பின்னறை வாசலைத் தாண்டுவதைப் பாம்பு வந்த அன்றோடு விட்டுவிட்டார். அப்பா ஒரேயொரு தடவை, அதுவும் சுவரைப் பார்த்து, "தோட்டத்திலை கண்டா ஊரே தடியோடை ஓடிவரும். இவன் வீட்டுக்கை வைச்சு வளக்கிறான்" என்றார். அப்பாவுக்கும் அண்ணைக்கும் இடையில் கதை அவ்வளவுதான். அண்ணை தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். அண்ணைக்கோ வெளிநாட்டு நினைப்பு. அவர் புறப்பட்ட காலையில் ஏற்றிப்போகிற வான் வந்து வாசலில் நிற்க, அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அப்பா போன ஒழுங்கையையே அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் குனிந்தார்.

"பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு எலி. தண்ணிக் கோப்பையை வத்த விடாதை. குளிர் நாளிலை லைட்டைப் போட்டுவிடு. பாப்பியோ?"

"ஓம்" என்றேன். வாய் கிழியத்தான் சொன்னேன். ஆனால் எனக்குள் பத்திக்கொண்டு வந்தது. போகப்போகிறேன் என்ற செய்தியை முதல்நாள் பின்னேரம்தான் என்னிடம் சொன்னார். இனி என் சைக்கிளுக்குக் காற்றடிப்பது யார்? வான் மூலை திரும்பியதும் பின்னறைக்குப் போனேன். நாற்றுகளை மழைக்கு மூடுகிற நீலப் படங்கு ஒன்று மடித்துக் கிடந்தது. அதை இழுத்துத் தொட்டிக்கு மேலே போட்டேன். போகிறவர் பாம்பையும் கொண்டு போயிருக்கவேண்டியதுதானே!

முதலில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றினேன். ஒரு எலியும் போட்டேன். அதற்குப் பிறகு இல்லை. அண்ணை போகிற வழியில் ஏதேதோ நாடுகளிலிருந்து போன் எடுத்தார். அம்மாவோடு அழுது முடித்ததும் என்னைக் கேட்பார்.

"சுருட்டர் எப்பிடி?"

"நல்ல சுகம் அண்ணை. போன கிழமை ரெண்டு எலி சாப்பிட்டவர்!"

அண்டப்புளுகு. கொஞ்சமும் நா கூசாமல் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அங்கே படங்குக்குக் கீழே சுருட்டர் உண்மையிலேயே கொழுத்து வருகிறார் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு போன் நின்றது. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஐந்து கிழமை. அம்மா போனை யன்னல் கட்டுக்கு மேலே வைத்திருந்தார். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். சமைக்கும்போதும் கோலம் போடும்போதும் அவருடைய காது யன்னலில் இருந்தது. செவ்வாய் வெள்ளிகளில் விரதமும் பிடிக்கத் தொடங்கினார். அப்பா அண்ணையைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை. தோட்டத்துக்குப் போனார், வந்தார், கால் கழுவினார், சாப்பிட்டார். சரியான கல்நெஞ்சு என்று நான் நினைத்தேன்.

தை மாதம். மத்தியானம் ஆகியும் பனிக்குளிர் விடாத ஒரு நாள் அப்பா பின்னறைக்குள் வந்தார். நான் பாயில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தேன். "நாத்துக்கு மூட ஒரு படங்கு வேணும்" என்றார். நான் கீறுவதை நிறுத்தினேன். அவர் ஒரு முனையைப் பிடித்து மெல்ல உயர்த்தினார்.

சுருட்டர் இருந்தார். ஆனால் பாதிதான் இருந்தார். முதுகெலும்பு கூரை முகடாக மேலே எழும்பி நின்றது. பழைய தோல் கழலாமல் காய்ந்த வெங்காயத் தாளாக ஒட்டியிருந்தது. இரண்டு கண்ணும் வெள்ளை. செதில்களுக்கிடையில் உண்ணிகள். வாய் கொஞ்சம் திறந்து, அதில் நுரை. மூச்சு இழுக்கும்போது எங்கோ தொலைவில் யாரோ விசில் அடிப்பதாகக் கேட்டது.

அப்பா படங்கை முழுவதும் இழுத்து எடுத்தார். பிறகு, "எத்தினை நாளா?" என்றார். நான் அழத் தொடங்கினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "இதுக்கு முட்டு. மூச்செடுக்கக் கஷ்டப்படுது" என்று சொல்லிவிட்டு, பாம்பின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார்.

அடுத்ததாக அவர் செய்ததை ஒரு புகையிலைத் தோட்டக்காரர் மட்டும்தான் செய்வார். மாட்டில் உண்ணி கண்டால் எங்கள் வீட்டில் புகையிலைக் காம்பை அவித்து, அந்தத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுவார்கள். மாட்டுக்குச் சரியென்றால் பாம்புக்கும் சரிதானே. போன வருடக் காம்பை நன்றாக அவித்து ஆறவைத்து, துணியில் தோய்த்துத் தலை தொடக்கம் வால் வரை துடைத்தார். உண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அப்பாவின் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. அது முடியமுன்னமே சுருட்டர் முறுக்கிக்கொண்டு புரண்டார். வெள்ளை வயிறு மேலே வந்தது. வாய் ஆவென்று பிளந்தது.

"கோதாரி! என்ன வேலை செய்துபோட்டன்!" என்று அப்பா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான். கிணற்றடிக்கு ஓடி வாளி வாளியாக அள்ளிக் கழுவினார். பனையோலைக் கடகத்துக்குள் ஈரத் துவாயை விரித்துப் பாம்பை வைத்து, என்னை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி, மிருக வைத்தியசாலைக்கு விட்டார் ஓட்டம்.

அங்கே ஆட்டோடும் நாயோடும் வந்தவர்கள் கடகத்துக்குள் எட்டிப் பார்த்ததும் இருந்த வாங்குப் பலகையைவிட்டு எழும்பி எங்களுக்கு இடம் தந்தார்கள். அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் பின்னும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. டொக்டர் இளம்பெண். நடந்ததைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்தார்.

"ஐயா, புகையிலை பாம்புக்கு நஞ்சு. கழுவினபடியாத் தப்பிச்சுது. அதோடை, உதை வீட்டிலை வளக்கக்கூடாது, தெரியுமோ?"

"உது எங்கடை இல்லைப் பிள்ளை" என்றார் அப்பா. பிறகு குரல் இறங்கி, "மகன்ரை" என்றார்.

டொக்டர் ஊசியை எடுத்தார். மூன்று நாளைக்கு ஒரு ஊசி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடவேண்டும், தொட்டியில் சூட்டுக்கு பல்ப், மூச்சுச் சீராகும்வரை சாப்பாடு கூடாது, சுகமானதும் எடுத்த இடத்தில் கொண்டுபோய் விடவேண்டும் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று தலையாட்டினார். சொன்னபடி அடுத்த மாரியில் அவரே அந்த வாய்க்கால் கரையைத் தேடிப் போய் விட்டுவிட்டும் வந்தார்.

பாம்புக்கு வைத்தியம் நடந்த அந்த நாட்கள் இப்போது எனக்கு ஒரு கனவாகத்தான் தெரிகின்றன. பின்னேரம் நாலு மணி. கிணற்றடியில் நீலப் பிளாஸ்ரிக் பேசின். தண்ணீரில் ஆவி மெல்ல எழும்பும். அப்பா முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்பார். கமுகம் பூ உதிர்ந்து பேசினுக்குள் மிதக்கும். சுருட்டர் தலையை அப்பாவின் மணிக்கட்டில் வைத்துக்கொண்டு கண் தெரியாமல் கிடப்பார். ஊறிய தோலை அப்பா கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் கழற்றுவார். கீழேயிருந்து புதுச் செதில் வானவில் நிறத்தில் மினுங்கிக்கொண்டு வரும். அம்மா குசினி வாசலில் நின்று பார்ப்பார்.

"நான் பெத்ததுகளை ஒருநாளும் குளிக்க வாக்காத மனுசன்" என்பார். கோபமா பகிடியா என்று தெரியாது. கண் கலங்கியிருக்கும்.

அப்பா பாம்போடு கதைக்கவும் தொடங்கினார். சின்னக் குரலில், முகத்தைப் பார்க்காமல். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எங்கள் மாடு சிவப்பி கன்று போட்டது, கிழக்குத் துண்டில் நாற்று நட்டு முடிந்தது, அம்மாவுக்குக் கால்நோ கூடிவிட்டது, பனி பொல்லாதது, கவனமாக இருக்கவேணும். தோட்டக்காரர் மாட்டோடு கதைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பாம்புக்கு ஏன் சிவப்பியின் கன்றைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றுதான் யோசித்தேன். ஒருநாள் புகையிலைக் கொட்டிலுக்குள் ஒளித்து விளையாடப் போனபோது, அங்கே நாலு படங்குகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்ததைக் கண்டேன். அதையும் நான் பெரிதாக நினைக்கவில்லை.

மாசியில் ஒருநாள் மூச்சில் விசில் இல்லை. கண்ணின் வெள்ளை கழன்று, கறுப்பு மணிக் கண் எங்களைப் பார்த்தது. எலிப்பொறியில் விழுந்த எலியைச் சாகடித்து அப்பா வாலில் பிடித்து நீட்டினார். மூன்று தடவை திரும்பியும் பார்க்காத சுருட்டர், நாலாம் தடவை, ஒரு ஞாயிறு காலை, பாய்ந்து கவ்வினார். அப்பா கதிரையை இழுத்துப் போட்டு, கடைசி வால்நுனி உள்ளே போகும்வரை அசையாமல் இருந்து பார்த்தார்.

கதிரையைவிட்டு அவர் எழும்பமுன்னமே, யன்னல் கட்டில் போன் அடித்தது.

அம்மாவின் அழுகையில் பாதிதான் விளங்கியது. உயிரோடு இருக்கிறார், போய்ச் சேர்ந்துவிட்டார், ஏதோ முகாமாம், போனை வாங்கி வைத்திருந்தார்களாம். அம்மா போனோடு ஓடிவந்து வாசலைத் தாண்டிப் பின்னறைக்குள் வந்துவிட்டார். தொட்டியில் முழங்கை முட்ட நின்றார். பாம்பு இருப்பதே அவருக்கு நினைவில்லை.

"இஞ்சருங்கோ, பிள்ளை லைனிலை நிக்கிறான். ஒரு வார்த்தை கதையுங்கோவன்!"

அப்பா இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "எலி பிடிச்ச கை. கழுவேல்லை" என்றார். அம்மா போனை என் கையில் திணித்தார். அப்பா என்னைப் பார்க்காமல், தொட்டியைப் பார்த்து, "சுருட்டர் சாப்பிட்டவர் எண்டு சொல்லு" என்றார்.

"அண்ணை, சுருட்டர் சாப்பிட்டவராம். ஒரு முழு எலி!"

"நீ வைச்சனியோ?"

இந்தத் தடவை எனக்குப் பொய் வரவில்லை. "இல்லை, அப்பா வைச்சவர். சுருட்டருக்கு மூச்சு வருத்தம் வந்தது. அப்பாதான் பாத்தவர். ஒவ்வொரு நாளும்."

மறுபக்கம் சத்தம் நின்றுபோனது. நான் யன்னலடிக்கு ஓடினேன். போனை உதறினேன். "அண்ணை, ஹலோ, கேக்குதோ?" என்று கத்தினேன். மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"அப்பா, லைன் பிழை. வைக்கட்டோ?"

"வைக்காதை" என்றார் அப்பா. "அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லு."

நின்றேன். யாருமே கதைக்காத போனை எதற்காகப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கை உளைய, மற்றக் கைக்கு மாற்றினேன்.