அமாவாசைக் கீரை

மலாக்காவின் காஜா பேராங்கில் மாடு வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. ஒரு கட்டு அகத்திக்கீரையோடு அஞ்சலை தொழுவத்து வாசலில் வந்து நின்றால் அன்றைக்கு அமாவாசை. மழை கொட்டினாலும் வருவாள், காய்ச்சலில் கிடந்தாலும் வருவாள். கீரையைக் கொத்துக் கொத்தாகப் பசுவின் வாயில் கொடுத்துவிட்டு, கடைசி இலை உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள்.

செத்தவர்களுக்காக அமாவாசையில் பசுவுக்கு அகத்தி கொடுப்பது நம்மவர்கள் எல்லாரும் செய்வதுதான். இரண்டு மாதம் செய்வோம், மூன்றாம் மாதம் மறந்துபோவோம். அஞ்சலை மறக்கவில்லை. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் பெண்கள் அவளைக் காட்டித் தங்கள் மருமகள்களுக்குப் புத்தி சொன்னார்கள். ஒருத்தி நேரிலேயே, "புருசனுக்கு நீ செய்யிற மாதிரி யாரு செய்வா அஞ்சல, அத்தனையும் புண்ணியம்" என்று சொல்லிவிட்டாள்.

"புண்ணியமா? உசுரோட இருந்த மனுசன் கேட்டுக் கேட்டுக் குடுக்காத கீர இது. தெரியாம பேசாத, போ" என்றாள் அஞ்சலை. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை அவளிடம் எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் புகழ்வதை மட்டும் விடவில்லை. நம் சனத்துக்குப் புகழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

அவள் புருசன் காத்தமுத்து மாட்டுவண்டிக்காரர். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், லோரிகள் அப்போதுதான் ஒன்றிரண்டாக மலாக்காவுக்குள் வரத் தொடங்கியிருந்தன. ஆற்றோரத்துக் கிடங்குகளிலிருந்து அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் ஏற்றிக்கொண்டு செங் என்ற ஊர் வரைக்கும் போய்வருவார். இரண்டு மாடுகள். பிள்ளைகள் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் வேலை செய்த கை அவருடையது. கொடி படர அங்கே அகத்தியைத்தான் நடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வீட்டைச் சுற்றி அகத்தி விதையை ஊன்றினார். வெற்றிலை வரவில்லை, அகத்தி வந்தது. வேலியில் சிற்றகத்தி மஞ்சளாகப் பூத்தது. பின்கட்டு ஜன்னலை ஒட்டி நின்ற பெரிய அகத்தி, அவரைப் பூவை நாலு மடங்கு பெரிதாக்கின மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தொங்கியது. அவரைக் குடும்பத்துச் செடிதானே, சாயல் எங்கே போகும்.

காத்தமுத்துவுக்கு அந்தக் கீரை என்றால் உயிர். அரிசி கழுவின தண்ணீரில் சின்ன வெங்காயம் போட்டு, தேங்காய்ப் பால் விட்டு அஞ்சலை வைக்கும் தண்ணிச்சாறு இருந்தால் வேறு கறி கேட்க மாட்டார். அந்தக் கசப்பில் என்னதான் இருந்ததோ. "ஒங்களுக்கும் மாட்டுக்கும் ஒரே தீனி" என்று அஞ்சலை கேலி செய்வாள். "அதான் மூணு பேரும் ஒத்துமையா வண்டி இழுக்குறோம்" என்பார் அவர்.

வேலிக்கு அந்தப் பக்கம் தனலட்சுமி வீடு. அவள் மலாக்காச் செட்டி வம்சம். பெயரும் சாமியும் நம்முடையவை, பேச்சு மலாய். தமிழில் அவளுக்கு அக்கா, சாமி, பூசை என்று நாலைந்து சொல்தான் வரும். அஞ்சலைக்குப் பாசார் சந்தையில் கற்ற மலாய். இரண்டையும் வைத்துக்கொண்டு இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். செட்டி வீடுகளில் அகத்தி இலையைத் தொட மாட்டார்கள், பூவைத்தான் தேங்காய்ப் பாலில் சமைப்பார்கள். அதனால் மரத்தில் தகராறு இல்லை. இலை இவளுக்கு, பூ அவளுக்கு.

இப்படி இருந்த மனிதருக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. கால் வீங்கியது, கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்று அவர் முரண்டு பிடித்தார். அஞ்சலை நாட்டு வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். வைத்தியர் நாடி பார்த்து, கஷாயத்துக்குச் சரக்கும் கொடுத்து, பத்தியமும் சொன்னார். உப்பு குறை, புளி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். "அகத்திய மட்டும் கண்ணுல காட்டாத. அது எந்த மருந்தையும் முறிச்சிரும்" என்றார்.

அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அஞ்சலை வேறு ஆளாகிவிட்டாள். இயல்பிலேயே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவள். இப்போது புருசன் உயிரே தன் கையில் இருக்கிறது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. விடியுமுன் எழுந்து சரக்கை இடித்து, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். புகையில் கண் இரண்டும் எந்நேரமும் சிவந்தே இருந்தன. பின்கட்டில் படுத்திருந்தவரின் கையில் கஷாயக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு முன்பக்கத் தொழுவத்தில் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போவாள். வண்டியைக் கூட்டாளி ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகளைப் பார்ப்பது இவள் வேலை.

முதல் சில நாள் குடித்தவர், "புள்ள, இது வயித்துல நெருப்பாட்டம் எரியுது. உள்ள நிக்க மாட்டேங்குது, வேணாம்" என்றார்.

"கசந்தாத்தாங்க மருந்து. கண்ண மூடிக்கிட்டு குடிங்க."

அதற்குப் பிறகு அவர் முறையிடவில்லை. அவள் திரும்பி வரும்போது கிண்ணம் காலியாக இருக்கும். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக் காட்டுவார். அஞ்சலைக்கு மனம் நிறைந்துபோகும்.

உடம்பு தேறவில்லை. ஒரு நாள் பின்பக்கம் கட்டியிருந்த மாடுகளுக்கு வேலி அகத்திக் கிளையை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தவளை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, மாட்டுக்கு இருக்குற குடுப்பன எனக்கு இல்லயா? ஒரு வாய் தண்ணிச்சாறு வச்சுக் குடேன். நாக்கு செத்துக் கெடக்கு."

"ஐயய்யோ, வாயில கூடச் சொல்லாதீங்க. மருந்து முறிஞ்சிரும்."

"அதெல்லாம் ஒண்ணும் முறியாது. எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்கு என்ன தெரியும்? வைத்தியருக்குத் தெரியாததா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி சாறு மட்டுமாவது தா என்றார், இலை வேண்டாம் என்றார். அஞ்சலை மசியவில்லை. அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று மாடுகளை முன்பக்கம் கொண்டுபோய்க் கட்டினாள்.

இது தெரியாமல் தனலட்சுமி ஒரு நாள் அகத்திப்பூவைத் தேங்காய்ப் பாலில் சமைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். நோயாளிக்கு இதமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அஞ்சலை வாசலிலேயே மறித்தாள். "எம்புருசனக் கொல்லவா கொண்டாந்த?" என்று மலாயில் கத்தினாள். உள்ளேயிருந்து காத்தமுத்து, "பூதானே புள்ள, கீர இல்லையே, குடு" என்று கெஞ்சினார். அந்தக் குரல் தனலட்சுமிக்கும் கேட்டது. கிண்ணத்தோடு திரும்பிப் போனவள் அதற்குப் பிறகு பூப் பறிக்க வரவில்லை. பூக்கள் உதிர்ந்து தரையில் அழுகின.

காத்தமுத்து கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். பேச்சு குழறிவிட்டது, கை ஜன்னல் பக்கம் போனது. அஞ்சலைக்குப் புரிந்தது. "நல்லானதும் சட்டி நெறைய வச்சுத் தாரேன்" என்றாள். அன்று மாலையே அவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் ஒரு கொறையும் வக்கல. ஒரு நாளுகூடப் பத்தியம் தப்பல. கண்ணுல தண்ணி வரக் கேட்டாரு, அப்பவும் குடுக்கல." வந்தவர்கள், நீ உன் கடமையைச் செய்தாய், அப்புறம் அவன் விதி என்றார்கள். அவளுக்கு அதுதான் பிடிமானமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பதினாறாம் நாள் வரைக்கும் நடமாடினாள்.

காரியம் முடிந்து முதல் அமாவாசை வந்தது. பசுவுக்குக் கொடுக்கக் கீரை பறிக்கலாமென்று பின்கட்டு மரத்தடிக்குப் போனாள். வேலிக்கு அப்பால் தனலட்சுமி நின்றிருந்தாள். சண்டையை மறந்து எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவளும் யோசித்திருப்பாள். செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னால் தப்பில்லை என்று பட்டிருக்கிறது.

"அக்கா, அவர் ரொம்ப பக்தி. இந்த மரத்து மேல எவ்வளவு பக்தி!" என்றாள் தன் மலாயில்.

"என்ன பக்தி?"

"நாங்க பெரியவங்களுக்குப் படையல் வச்சுட்டுத்தானே சாப்பிடுவோம்? அவரும் அப்படித்தான். தினம் காலையில நீ அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியா உபாட்டை மரத்துக்கு ஊத்திக் கும்பிடுவார். நான் இங்கே துணி காயப் போடும்போது பார்ப்பேன்."

உபாட் என்றால் மருந்து. அஞ்சலைக்குத் தெரிந்த சொல்தான்.

"கொஞ்சமா ஊத்துவாரா?"

"கொஞ்சமா? கிண்ணம் பூரா, ஹாபிஸ், ஒரு சொட்டு மிச்சமில்லாம. என்னைப் பார்த்துட்டார்னா கையெடுத்துக் கும்பிடுவார். பாவம், நல்ல மனுசன்."

அது மரத்துக்குப் போட்ட கும்பிடு இல்லை, காட்டிக் கொடுத்துவிடாதே என்று தனலட்சுமிக்குப் போட்ட கும்பிடு. அந்த அப்பாவிக்கு அது எங்கே தெரியும். தமிழர்களிடம் இப்படியும் ஒரு பூசை இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அஞ்சலை குனிந்து பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே பலகையில் பழுப்பாக ஒரு கறை வழிந்து காய்ந்திருந்தது. மரத்தடியில் அவள் இடித்துக் காய்ச்சிய சரக்கின் வண்டல் அடை அடையாகப் படிந்து கிடந்தது. கையால் சுரண்டி முகர்ந்தாள். சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

"அப்ப அவரு வயித்துல மருந்தே இல்ல" என்றாள் தமிழில். தனலட்சுமிக்குப் புரியவில்லை. "மருந்தே இல்லாத வயித்துல கீர எத முறிக்கும்? நான் எதடி காப்பாத்துனேன்?"

கஷாயத்தைக் குடித்திருந்தால் காத்தமுத்து பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அந்த வீக்கத்துக்குப் பிறகு பிழைத்தவர்களை நான் பார்த்ததில்லை. அவர் ஊற்றியதைக்கூட அஞ்சலை ஒரு நாளும் குற்றமாகச் சொன்னதில்லை. "எரியுதுன்னு சொன்னாரே, நான் காதுல வாங்குனேனா" என்றுதான் கேட்டாள். குடிக்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கீரை கிடைத்திருக்கும். சொன்னால் புகையில் வெந்த அவள் கண்ணுக்கு என்ன பதில் சொல்வது? அந்த மனிதர் தன் ஆசையை விழுங்கிக்கொண்டு அவள் மனத்தைக் காப்பாற்றினார். அவள் அவர் மருந்தைக் காப்பாற்றினாள். இரண்டு பேரும் இப்படிப் பாசம் வைத்ததற்கு, கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

அன்று பசுவுக்குக் கொடுத்தது போக மிச்சக் கீரையை அஞ்சலை அடுப்பில் ஏற்றினாள். அரிசி கழுவின தண்ணீர், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பால், எல்லாம் அவருக்குப் பிடித்த பக்குவம். இறக்கி வைத்தபிறகுதான், சாப்பிட ஆள் இல்லை என்பது உறைத்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டித் தனலட்சுமி வீட்டுக்குப் போனாள்.

தனலட்சுமி பிறந்ததிலிருந்து அந்த இலையைத் தின்றதில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டில் சோறு போட்டு, சாற்றை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். முகம் கோணியது.

"கசக்குதா?" என்றாள் அஞ்சலை.

தனலட்சுமி ஆமென்று தலையாட்டினாள்.

"அவருக்குக் கசக்காது" என்று சொல்லிவிட்டு அஞ்சலை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. தனலட்சுமி தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தாள்.