நனைந்து போன அன்னப் பெட்டிகள்

மயூர் விஹார் வீட்டுக்குக் குடிவந்த புதிதில், தில்லிக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பத்திரிகை என்றால் மூலையில் மஞ்சள் தடவிய ஒரு அட்டை, அதற்கு ஒரு உறை. இங்கே கணவரின் அலுவலகத்திலிருந்து வருவதெல்லாம் கனத்த அட்டை, தங்க மை, பட்டு நூல் குஞ்சம், உள்ளே நிறத்துக்கு ஒன்றாகத் தாள்கள். அவற்றைச் சேர்த்து வைத்திருந்து, ஒருநாள் காலி மிட்டாய் டப்பா ஒன்றின் மேல் வெட்டி ஒட்டினேன். மகளின் ஹேர்கிளிப் போட்டு வைப்பதற்காக. அது நன்றாக அமைந்துவிட்டது. பிறகு வளையலுக்கு ஒன்று, ஊசி நூலுக்கு ஒன்று என்று வீட்டில் எல்லாவற்றுக்கும் பெட்டி வந்தது.

மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடிப்பிடிக்காமல் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பசை தயார். கெட்டி அட்டையும் கையால் செய்த காகிதமும் சாவ்டி பஜாரில் கிடைக்கும். வைக்கோலும் பூவிதழும் உள்ளே அமுங்கித் தெரிகிற காகிதம் அது. ஜரிகைக்குக் கினாரி பஜார். அட்டையை அறுத்து மடித்து, மூலைகளில் துணிநாடா ஒட்டி, மேலே காகிதத்தைப் போர்த்தி, காற்றுக் குமிழ் நிற்காமல் உள்ளங்கையால் நீவிவிட வேண்டும். அந்த நீவுதல்தான் எனக்குப் பிடித்தது. ஒரு பெட்டி போல இன்னொன்று இருக்காது. எப்படி வரப்போகிறது என்பது முடிக்கும்வரை எனக்கே தெரியாது.

மாடி வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். அந்த அம்மாள் ஒருநாள் சர்க்கரை வாங்க வந்தவர் என் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, ராக்கிப் பண்டிகைக்குச் சிலது செய்து தரச் சொன்னார். தீபாவளிக்கு உலர்பழம் வைத்துக் கொடுக்க இன்னும் கொஞ்சம். அதெல்லாம் எனக்கு விளையாட்டாகவே இருந்தது. அதற்கடுத்த கோடையில் அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் மிட்டாய் வைத்துக் கொடுக்கப் பெட்டிகள் வேண்டும், அதை நான்தான் செய்ய வேண்டும் என்றார். எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்ணே வரைந்து கொண்டுவந்தாள். ரோஜா நிறக் காகிதம், மூடியில் வெள்ளித் தாளில் வெட்டிய இரண்டு அன்னங்கள், ஓரம் முழுக்க முத்துமணி. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொன்னேன்.

எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே அன்னம். சில நாட்களிலேயே கை தானாக வேலை செய்யப் பழகிவிட்டது. மனசு கொட்டாவி விட ஆரம்பித்தது. அன்னத்தின் கழுத்தை வெட்டும்போது வெள்ளித் தாள் கிழியும். மறுபடி வெட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் இன்னும் எத்தனை பாக்கி என்றுதான் முதல் நினைப்பு ஓடும். முடியாது என்று சொல்லவும் வழியில்லை. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண் ஆசையாக விசாரிப்பாள்.

முடித்த பெட்டிகளை வைக்க முன்னறையில் ஜன்னலை ஒட்டிய தரைதான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பால்கனியில், தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஓட்டுகிற கூலர். என் கணவருக்கு மத்திய அரசில் கணக்குப் பிரிவில் வேலை. அதிகம் பேசாதவர். தில்லியில் இத்தனை வருஷம் இருந்தும் காய்கறிக்காரனிடம் பேசும் ஹிந்திக்கு மேல் வரவில்லை. பெட்டி அடுக்கில் இடித்துவிடாமல் பக்கவாட்டாக நடந்து போவார். தினமும் மாலையில் அடுக்கைப் பார்த்து, நல்லா வந்திருக்கு என்பார்.

ஒரு சனிக்கிழமை காலையில் காபிப்பொடியும் முருங்கைக்காயும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அவர் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் கூலரை நிரப்பலாம் என்று பைப்பைச் சொருகியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அவருடைய அண்ணன் போன் செய்திருக்கிறார். உள்ளறையில் பேசிக்கொண்டே இருந்ததில் பைப் மறந்து போயிற்று. கூலர் நிரம்பி, பால்கனி நிரம்பி, வாசற்படி தாண்டித் தண்ணீர் முன்னறைக்குள் வந்திருக்கிறது.

நான் வந்தபோது கதவு திறந்தே கிடந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குத்தவைத்து, துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தரை முழுக்க ரோஜா நிறம். அவருடைய கைகள் மணிக்கட்டு வரை ரோஜா நிறம். அடியில் இருந்த பெட்டிகள் ஊறிக் குழைந்து சரிய, மேலே இருந்தவையும் தண்ணீரில் விழுந்திருந்தன. பிரிந்து வந்த வெள்ளி அன்னங்கள் மூலையில் மிதந்தன.

"பைப்ப மறந்துட்டேன்" என்றார்.

கையிலிருந்த பையோடு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அது வருத்தத்தில் வந்த அழுகை இல்லை. சின்ன வயதில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கும்போது மழைக்காக லீவு விட்டுவிட்டார்கள் என்று யாராவது வந்து சொன்னால் உடம்பெல்லாம் தளர்ந்து போகுமே, அந்தத் தளர்ச்சி. இனி அன்னம் வெட்ட வேண்டாம். கல்யாணத்துக்குள் மறுபடியும் செய்து முடிக்கவும் முடியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்த நிம்மதியில்தான் நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அழாத. நான் சரிபண்ணித் தாரேன். எல்லாத்தையும் நான் சரிபண்ணித் தாரேன்" என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் சாயம் போகாமலே மாடிக்குப் போனார். அங்கே அவர் பேசியது பிறகு அந்த அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை என்று அரைகுறை ஹிந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அந்த அம்மாளுக்கு அவர் மேல் இரக்கமாகிவிட்டது. கவலைப்படாதீர்கள், சதர் பஜாரில் ரெடிமேடாகக் கிடைக்கும், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று சமாதானம் சொல்லி அனுப்பினாராம்.

ஆனால் அந்தப் பெண் கீழே ஓடிவந்தாள். ஈரப் பெட்டிகளைப் பிளாஸ்டிக் கூடையில் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, சுடுகிற தரையில் குத்தவைத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பரப்பி, அன்னங்களை விரலால் அழுத்தி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் அட்டைகள் ஒரு பக்கமாகச் சுருண்டு மேலே வந்தன. இது பிழைத்துவிடும்தானே ஆண்ட்டி என்று ஒன்றைக் காட்டிக் கேட்டாள். ஆமாம் என்றேன். பிழைக்காது என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தீர்கள், வருத்தப்படாதீர்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்ட பெண். தான் யோசித்து, தானே வரைந்த பெட்டி போயிற்று. அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அந்த வெயிலில் எனக்கு உடம்பு கூசியது. அன்றுதான் அந்த அன்னங்களை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை; இரண்டும் ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தன. அவள் அப்படித்தான் வரைந்திருந்தாள். நான் அவ்வளவு வெட்டியும் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் கணவர் சாவ்டி பஜாருக்குப் போய், அட்டைகளைச் சணலால் கட்டி, கூட்டமான பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்றேன். நீ விட்டுவிடக் கூடாது, நான் வெட்டித் தருகிறேன், நீ ஒட்டு என்றார். இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு கேரம் ஆடப் போகிறவர் அதை நிறுத்தினார். ஸ்கேலும் கட்டருமாக உட்கார்ந்தார். விரலை அறுத்துக்கொண்டார், பிளாஸ்திரி போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அலுவலகத்தில் யார் வீட்டில் விசேஷம் என்று விசாரித்து, என் மனைவி செய்து தருவாள் என்று அவரே ஆர்டர் பிடித்து வந்தார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

லீவு விட்டதென்று துள்ளிய பிள்ளையைக் கையைப் பிடித்துத் திரும்பவும் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்த கதைதான். எதிரே உட்கார்ந்து ஒட்டினேன். அவர் நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். என்னால் வாயைத் திறக்க முடியாது. கோடையில் கூலரை நிரப்பினால், நிரம்பும்வரை பைப்பைக் கையில் பிடித்தபடி அங்கேயே நிற்பார்; போன் அடித்தாலும் நகரமாட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள், உனக்குக் கிடைத்த மாதிரி புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்பார்கள். அவர்கள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒரு குளிர்கால மத்தியானம், பால்கனி வெயிலில் பாய் விரித்து இருவரும் வேலை செய்துகொண்டிருந்தோம். அட்டையை அறுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அன்னைக்கு நீ அழுதத நெனச்சா இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான் வருத்தத்துல அழல" என்றேன்.

கட்டர் நின்றது.

"அந்தப் பெட்டியச் செஞ்சு செஞ்சு எனக்கு அலுத்துப் போயிருந்துச்சுங்க. எல்லாம் போச்சுன்னதும், அப்பாடா விட்டுதேன்னு இருந்துச்சு. அதுல வந்த அழுகை."

"அப்பவே சொல்லிருக்கலாம்லா" என்றார்.

"சொல்லிருக்கலாம்."

"இப்பயும் பிடிக்காமத்தான் செய்தியா?"

கையிலிருந்த காகிதத்தை நான் கீழே வைத்தேன். அவர் கட்டரைத் துணியால் துடைத்து, பிளேடை உள்ளே தள்ளி மூடினார்.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த ஆர்டரை முடித்துக் கொடுத்தார். மீதி அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கேரமுக்குத் திரும்பிப் போனவர் சீக்கிரமே வந்துவிட்டார். அங்கே நாலாவது ஆளாக வேறொருவர் சேர்ந்துவிட்டிருந்தார். அதன்பின் ஞாயிறு முழுக்கப் பேப்பர் படித்தார், டெண்டர் விளம்பரம் வரைக்கும். என் மனசிலிருந்த பாரத்தை இறக்கி வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இறக்கி வைத்த இடம் அவருடைய மடி என்பது மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது. அந்த ஒரு வருஷத்து உழைப்பு எதற்கு என்கிற கேள்விக்கான பதிலை நான் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டிருந்தேன். அட்டையை எடுக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்கு, உனக்குத்தான் பிடிக்காதே" என்றார். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாடி வீட்டுப் பையனுக்கு நிச்சயதார்த்தம் வந்தபோது, அந்த அம்மாள் நேரே அவரிடமே போய், பாயீ சாப் என்று அண்ணனாகக் கூப்பிட்டு, இந்த முறை நீங்கள்தான் பெட்டி செய்ய வேண்டும் என்றார். அவர் என்னைப் பார்த்தார்.

நான் தமிழில் சொன்னேன்: "நீங்க செய்யணும்னா செய்யுங்க. நான் ஒட்ட மாட்டேன். வேணும்னா பசை காய்ச்சித் தாரேன்."

செய்ய மாட்டேன் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. சொல்லிவிட்டுப் பயந்துபோய் நின்றேன்.

"பசையும் நானே காய்ச்சிக்கிடுதேன். நீ அடிப்பிடிக்க விட்டுருவ" என்றார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

தனியாகவே செய்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்து, விளிம்பு தடவிப் பார்த்து, வித்தியாசம் இல்லையென்றால் முகம் மலரும். எனக்கு எது சலித்ததோ அதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. அவர் செய்தது வெறும் பரிகாரம் இல்லை, நடுவில் எங்கேயோ அவருக்கே அது பிடித்துப்போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அடுக்களையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் யார் வீட்டு விசேஷத்துக்காவது செய்துகொண்டுதான் இருக்கிறார்.

தன் தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு மாடி வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அங்கிள் செய்த பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று கீழே வந்தாள். மூலைகளைத் தடவிப் பார்த்து, எனக்குக் கடையில் வாங்கியதைவிட இது நன்றாக இருக்கிறது என்று சிரித்தாள். தன் கல்யாணத்தில் எல்லாம் நன்றாக நடந்தது, பெட்டி ஒன்றுதான் குறை என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குழந்தை ஜரிகையை இழுத்து வாயில் வைக்கப் போனது, நான் எடுத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என் மனசு லேசாகும். அவரிடம் சொன்ன பிறகு, கேட்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதில் எனக்குப் பயம் வந்துவிட்டது. டீ போடட்டுமா என்று கேட்டேன். நேரமாகிறது ஆண்ட்டி என்று சொல்லி, ஒரு கையில் பெட்டியும் ஒரு தோளில் குழந்தையுமாக அவள் படியேறிப் போனாள்.