அன்ரனாக்களைத் தென்கிழக்கு நோக்கித் திருப்பவும்

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்கு, "ஆம்", "இல்லை" என்ற இரண்டு பெட்டிகளில் எதற்குள் சரி போடுவது என்பது பெரிய காரியம் அல்ல. நான் ஒரு தடவை பிழையாகப் போட்டேன். அதைப் பற்றி இன்றுவரை எவரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் எழுதி, கடிதக் கோவையில் போட்டு, மறந்திருப்பேன். கேட்காதபடியால்தான் இதை எழுதுகிறேன்.

நோய்க்காலத்தில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது, பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கான பாடங்களைத் தினமும் பின்னேரம் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் நடத்துவது என்று தீர்மானமாயிற்று. அலை கிடைக்காத கிராமங்களுக்குக் கிழமைக்கு ஒரு கட்டு அச்சடித்த பாடம் அனுப்புவார்கள். எந்தக் கிராமத்துக்குக் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்று அறிய ஒரு படிவம் வந்தது. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் நான். ஊராரின் பத்திரங்களை உறுதிப்படுத்தி முத்திரை குத்துகிற சமாதான நீதவானும் நானே. பாடசாலை அதிபர் படிவத்தை எனக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில், உங்களுக்குத் தெரியாததா, பார்த்து நிரப்பி ஒப்பமிட்டு அனுப்புங்கோ என்றார்.

எங்கள் ஊர் சிலாவத்துறைக்குக் கிட்ட, கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இராமேஸ்வரம். அங்கிருந்து அனுப்புகிற அலை தண்ணீருக்கு மேலால் தடையில்லாமல் வந்து இறங்கும். எங்கள் சொந்த நாட்டு அலை காடும் மேடும் கடந்து, களைத்து, வந்தும் வராமலும் இருக்கும். ஆகவே இந்தக் கரையில் அன்ரனா வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதை வடமேற்கே திருப்பி வைத்திருந்தார்கள். ஊர்ப் பெண்களுக்குத் தமிழ்நாட்டு அரசியல் தெரிந்த அளவுக்கு எங்கள் மாகாண சபை தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு நான் இந்த அநியாயத்தைக் கையில் எடுத்தேன். ஏழு வருடம் கடிதம் எழுதினேன். கடிதத்துக்கு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல், பிரதிகள் யார் யாருக்கு என்ற பட்டியல். கடைசியில் தென்கிழக்கே ஒரு மேட்டில் ஒரு சிறிய அலைபரப்பிக் கோபுரம் நட்டார்கள். திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படம் எங்கள் விறாந்தைச் சுவரில் இருக்கிறது. கோபுரம் நட்ட பிறகும் என்னைத் தவிர ஊரில் ஒருவரும் அன்ரனாவைத் திருப்பவில்லை என்பதைப் படத்தில் காண முடியாது.

அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் படிவத்தைப் பிரித்தேன். "தொலைக்காட்சி அலை கிடைக்கும் கிராமமா?" "இல்லை" என்று போட்டால் ஏழு வருடக் கோவையையும் பொன்னாடையையும் நானே பொய்யாக்குவது போல இருந்தது.

முறைப்படி பரிசோதித்தேன். எங்கள் வீட்டில் நாற்பதடி இரும்புக் குழாயில் ஒரு அன்ரனா உண்டு. அதைக் கொள்கைக்காக வைத்திருந்தேன். மனைவி நாடகம் பார்ப்பதற்கு டிஷ் இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு அன்ரனாவை இணைத்துப் பார்த்தேன். தேசியக் கொடி தெளிவாகப் பறந்தது. மறுநாளும் அதே நேரத்தில் பறந்தது.

"வெயில் ஏறினாப் பிறகு ஒருக்காப் பாருங்கோவன்" என்றார் மனைவி.

"படிவத்திலை நேரம் கேக்கேல்லை" என்றேன்.

வெயில் ஏறினால் படம் கலங்கும், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் இன்னும் மோசமாகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. "ஆம்" என்ற பெட்டிக்குள் சரி போட்டேன். ஒப்பம், பதவி முத்திரை, திகதி.

எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. அலை கிடைக்கிறது என்று உறுதிப்படுத்திய பிறகு, அதை மக்கள் பெறுவதற்கு ஏற்பாடும் செய்ய வேண்டும் அல்லவா? கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன்: "மாணவர் நலன் கருதி, சகல வீடுகளிலும் உள்ள அன்ரனாக்களைத் தென்கிழக்கு நோக்கித் திருப்பவும்." கீழே என் முத்திரை. அதற்கு ஒரு சட்ட வலுவும் கிடையாது. சமாதான நீதவானுக்கு அன்ரனா திருப்பும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை என்பது இந்த ஊரில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

ஊரின் பழைய வீடுகளில் அநேகமாக டிஷ் வந்துவிட்டது. அன்ரனாவோடு இருந்தவர்கள் குளக்கட்டுக்கு அப்பால் குடியேறியவர்கள். அவர்களுடைய பெற்றோர் கலவரக் காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள். வயல் வேலை, கூலி வேலை. டிஷ்ஷுக்கு மாதா மாதம் காசு கட்ட வழியில்லை. அங்கே பதினொரு வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. காட்டுத்தடியை நட்டு, அதன் தலையில் அன்ரனாவைக் கட்டி, தடியை அடுக்களைக் கப்புத்தூணோடு வரிந்திருப்பார்கள். ஒரே நாளில் பதினொன்றும் திரும்பின. நான் குளக்கட்டில் நின்று, அணிவகுப்பைப் பார்வையிடுகிறவன் போல, தொலைபேசியில் இருந்த திசைகாட்டியால் சரி பார்த்தேன்.

பிறகு வீடு வீடாகப் போனேன். முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, எல்லாம் சுகாதாரச் சுற்றறிக்கையின்படி. படலைக்கு வெளியே நின்று, தெரியுதோ என்று கேட்பேன். அவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தெரியுதுங்கய்யா" என்பார்கள். பதினொரு வீட்டிலும் அதே பதில். நான் பதினொரு சரி போட்டுக்கொண்டேன். உள்ளே போகாததற்கு நோய் ஒரு நல்ல காரணமாக இருந்தது. உண்மை என்னவென்றால், நோய்க்கு முன்னரும் நான் அந்த வீடுகளுக்குள் போனவன் அல்ல.

அந்தப் பதினொரு வீடுகளில் ஒன்று எங்கள் வீட்டு வளவு கூட்ட வாரத்தில் இரண்டு நாள் வருகிற பெண்ணின் வீடு. அவளுடைய மூத்த மகள் அந்த வருடம் சாதாரண தரம். கணக்கில் கெட்டிக்காரி என்று தாய் மனைவியிடம் சொல்லுவாளாம். கணக்குச் சித்தியடைந்தால் உயர்தரம் படிக்கலாம். அந்தக் குடியேற்றத்திலிருந்து அதுவரை ஒரு பெண் பிள்ளையும் உயர்தர வகுப்புக்குள் போனதில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். தேநீரோடு சேர்த்துக் காதில் விழுந்த செய்தி.

ஒன்றரை மாதம் கழித்து எனக்கு இன்னொரு யோசனை உதித்தது. ஒளிபரப்புச் செய்கிறவர்களுக்கு எங்கள் கிராமத்து மாணவர்கள் சார்பில் ஒரு நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டும். நன்றிக் கடிதம் கோவையில் இருந்தால், அடுத்த கோரிக்கைக்கு அது நல்ல அத்திவாரம். கடிதத்தைத் தட்டச்சு செய்து, கீழே பிள்ளைகளுடைய கையெழுத்துக்குக் கோடுகள் போட்டு, ஒரு பின்னேரம் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் போனது அந்த வீட்டுக்கு. தெரிந்த வீடு என்றபடியால்.

படலையில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. தாய் வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் பெரிதாகக் கேட்டது, பாடம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வாசல்வரை போனேன்.

பெட்டியில் படம் இல்லை. திரை முழுவதும் எறும்பு மொய்த்தது போலப் புள்ளிகள். சத்தம் மட்டும் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. ஒரு ஆசிரியர் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். பிள்ளை நிலத்தில் இருந்து, திரையைப் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பிக் கொப்பியைப் பின்னால் மறைத்தாள். நான் கையை நீட்டினேன். நான் கை நீட்டினால் தருகிற பழக்கம் அந்த வீட்டுக்கு இருந்தது.

ஒன்றரை மாதப் பாடமும் அதில் இருந்தது. நல்ல உருண்டைக் கையெழுத்து. "இங்கே இருக்கிற இதை அந்தப் பக்கம் கொண்டு போனால் இது இப்படி மாறும். இப்போது இரண்டு பக்கமும் பாருங்கள். இதையும் இதையும் வெட்டிவிட்டால் மிச்சம் இதுதான்." ஆசிரியர் பலகையைத் தொட்டுக் காட்டிச் சொன்னது எல்லாவற்றையும் அவள் ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தாள். ஆசிரியர் "இந்தப் படத்தைப் பாருங்கள்" என்று சொன்ன இடங்களில் அடிமட்டம் வைத்து ஒரு சதுரம் கீறி, உள்ளே "படம்" என்று எழுதி விட்டிருந்தாள். பிறகு நிரப்புவதற்கு. பக்கம் பக்கமாக வெறும் சதுரங்கள்.

"படம் வாறேல்லையோ?" என்றேன்.

"சத்தம் நல்லா கேக்குதுங்கய்யா."

"எப்ப துவக்கம்?"

அவள் சற்று யோசித்தாள். என்னை நோகடிக்காமல் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தாள் என்று நினைக்கிறேன். "திருப்புன அன்னையிலேருந்துங்க."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தக் கேள்வியை ஒரு விசாரணை அதிகாரியின் குரலில் கேட்டேன் என்பது இப்போதும் என் காதில் இருக்கிறது.

"அம்மா சொல்ல வேணாம்னாங்க. ஐயா நம்மளுக்காக அலைஞ்சு செஞ்சதுன்னு."

என் மற்றக் கையில் இருந்த கடிதத்தை அவள் கண்டாள். இதிலே கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டாள். அப்போது நான் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கலாம். அதற்கு ஒரு படிவமும் தேவையில்லை. நான் பேனையைக் கொடுத்து, முதலாவது கோட்டை விரலால் காட்டினேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, "தெளிவான ஒளிபரப்புக்கு எமது மனமார்ந்த நன்றி" என்று முடிகிற பந்திக்குக் கீழே முழுப் பெயரையும் எழுதினாள்.

மற்றப் பத்து வீடுகளுக்கும் நான் போகவில்லை. கடிதத்தையும் அனுப்பவில்லை. அதை ஒரு நல்ல செயலாக எண்ணி மூன்று கிழமை இருந்தேன்.

திருத்திய படிவம் அனுப்ப வழி இருந்தது. என்னைவிட அந்த வழி நன்றாகத் தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் இல்லை. ஆனால் திருத்துவதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் எழுதக்கூடிய உண்மையான வசனம் ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு காலையும் அதை எழுத உட்காருவேன். பத்திரிகை வாசிப்பேன். மூன்று கிழமை என்றால் இருபத்தொரு பின்னேரம், இருபத்தொரு தடவை இரண்டு மணி.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"தாய்க்காரி எனக்கு முதல் கிழமையே சொன்னவள். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு கேட்டவள்."

"நீராவது சொல்லியிருக்கலாம்."

"வெயில் ஏறினாப் பிறகு பாருங்கோ எண்டு சொன்னனான்தானே. நீங்கள் முத்திரை குத்தினாப் பிறகு ஆர் உங்களுக்கு இல்லை எண்டு சொல்லுறது?"

அன்றைக்கே படிவத்தை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "பருவக்காற்று மாற்றத்தால் அண்மைக் காலத்தில் ஏற்பட்ட அலைத் தடங்கல்" என்று போட்டேன். அதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக உண்மை. அதிபர் தொலைபேசியில் எடுத்து, உங்களைப் போல ஆட்கள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறபடியால்தான் பிள்ளைகள் தப்பிக்கிறார்கள் என்றார். நான் மறுக்கவில்லை.

அச்சடித்த கட்டுகள் இரண்டு வந்தன. அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். விட்ட பாடங்களை டிஷ்ஷில் கண்ட பிள்ளைகளும், தொலைபேசியின் சிறிய திரையில் கண்ட பிள்ளைகளும், சதுரம் கீறிய பிள்ளையும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து பரீட்சை எழுதினார்கள்.

மறு வருடம் பெறுபேறு வந்து சில நாட்களில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு தையல் தொழிற்சாலைக்கு விண்ணப்பிக்கிறாளாம். பெறுபேற்றுத் தாளின் போட்டோக் கொப்பியை உறுதிப்படுத்த ஒரு சமாதான நீதவான் வேண்டும். விறாந்தையில் கதிரையைக் காட்டினேன். அவள் இருக்கவில்லை.

உறுதிப்படுத்துவதற்கு ஒரு முறை உண்டு. மூலப்பிரதியையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட வேண்டும். பலர் ஒப்பிடுவதில்லை. நான் ஒப்பிடுகிறவன். தமிழுக்கு ஏ. சமயத்துக்கு ஏ. விஞ்ஞானத்துக்கு சி. கணிதத்துக்கு நேரே டபிள்யூ, சித்தியில்லை. மூலப்பிரதியில் டபிள்யூ, கொப்பியிலும் டபிள்யூ. சரியாக இருந்தது. "உண்மைப் பிரதி" என்று எழுதி, அதன் கீழே முத்திரையைக் குத்தினேன். அன்றைக்குப் பார்த்து மை நன்றாகப் பதிந்தது.

"கணக்கைத் திரும்ப எடுக்கலாம்தானே" என்றேன்.

"எடுக்கலாமுங்கய்யா" என்றாள், சின்னப் பிள்ளையைச் சமாளிக்கிற குரலில்.

தாளை வாங்கி மடித்தவள் படிவரை போய்விட்டுத் திரும்பி நின்றாள். தாய் ஒன்று கேட்டு வரச் சொன்னாளாம்.

"அன்ரனாவைப் பழைய பக்கம் திருப்பிக்கலாமுங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சங்கக்கடைச் சுவரில் நான் ஒட்டிய அறிவித்தலை நான் இரத்துச் செய்யவில்லை. பாடங்கள் முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, பரீட்சை எழுதி, பெறுபேறும் வந்துவிட்டது. அத்தனை காலமும் பதினொரு வீடும் எறும்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

"திருப்புங்கோ" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"எல்லாருமேங்களா?"

"எல்லாரும்."

அன்று பின்னேரம் குளக்கட்டுக்குப் போனேன். அப்பால் ஒவ்வொரு கூரையின் பக்கத்திலும் ஒருவர் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உப்புக் காற்றுக்குக் கம்பிகள் இறுகியிருக்க வேண்டும், சுலபமாகத் திரும்பவில்லை. உள்ளே இருந்து யாராவது "இன்னும் கொஞ்சம்", "போயிருச்சு, போயிருச்சு", "இல்ல, இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அவை வடமேற்கே திரும்பின. கடைசி வீட்டில் வளவு கூட்ட வருகிறவள் தானே தடியைப் பிடித்திருந்தாள். உள்ளேயிருந்து மகளுடைய குரல் கேட்டது.

"வருதும்மா. படம் வருது."

தாய் என்னைக் கண்டுவிட்டாள். தடியில் இருந்த கையை எடுத்துக் கும்பிட்டாள். எடுத்ததும் அன்ரனா சரிந்தது; உள்ளே படம் போயிருக்க வேண்டும். நான் திரும்பி நடந்தேன், அவள் மறுபடியும் பிடிக்கட்டும் என்று.