நடுப்பகல் கஞ்சி

என் கணவரின் நோய் முதலில் அவருடைய தூக்கத்தில்தான் வந்தது. அது எங்களுக்குத் தெரிய வந்ததோ வெகு காலம் கழித்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், பாலக்கரையில் குடியிருந்தபோது, அவர் தூக்கத்தில் கத்த ஆரம்பித்தார். யாரோ துரத்துவது போலக் காலை உதைப்பார், கையை வீசுவார். காலையில் கேட்டால் நாய் துரத்தியது என்பார், திருடன் வந்தான் என்பார். ஒரு தடவை அந்தக் கை என் கன்னத்தில் பட்டுக் கண்ணுக்குக் கீழே கன்றிப்போய்விட்டது. குழாயடியில் பெண்கள் பார்த்தார்கள். நான் சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை. செய்தி துறையூரில் இருந்த என் அண்ணன் வரைக்கும் போய், அடுத்த வெள்ளிக்கிழமை அவன் பஸ் ஏறி வந்துவிட்டான். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே விசாரித்தான். அவர் எதையும் மறுக்கவில்லை.

"அடிச்சது என் கைதான் மச்சான். எனக்குத் தெரியாம அடிச்சிருக்கு" என்றார்.

அண்ணனுக்கு அது புரியவில்லை. எனக்கும்தான். அன்றிலிருந்து அவர் கூடத்தில் தனியாகப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். இந்த நோய் சிலருக்குக் கையில் தெரிவதற்குப் பல வருஷம் முன்பே தூக்கத்தில் தலைகாட்டும் என்று எங்கள் மகளிடம் ஒரு டாக்டர் சொன்னபோது, சொல்லிக் காட்டுவதற்கு அண்ணன் உயிரோடு இல்லை.

அவர் மேலப்புலிவார்டு ரோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வாத்தியாராக இருந்தார். பக்கத்தில் நிற்பவர் பேசி முடிப்பதற்குள் அடித்து முடிக்கும் விரல்கள். அறுபது, அறுபத்தொன்றில் அவருடைய கையெழுத்து சின்னதாகிக்கொண்டே வந்தது. வரியின் ஆரம்பத்தில் அரிசி அளவு இருக்கும் எழுத்து, முடிவில் கடுகாகிவிடும். பிறகு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், சும்மா இருக்கும்போதும், எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. நடையில் ஒரு காலை இழுத்தார். ஒரு வருஷம் போல எல்லாரிடமும் மறைத்துவிட்டு, கடைசியில் வேலையை அவரே விட்டார்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு டாக்டர் இருந்தார். நெற்றியில் திருமண், அதிகம் பேசாதவர். நடக்கச் சொல்லிப் பார்த்தார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். நடுக்குவாதம் என்றார். தீராது, ஆனால் சமாளிக்கலாம் என்று எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தே சொன்னார். மூன்று வேளை மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம், என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், எப்படித் தூங்குகிறார், வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். வயிற்றைப் பற்றிக் கேட்டதும் நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். "இதெல்லாம் நீங்கதான் பாக்கணும்மா. பக்கத்துல இருந்து பாக்கறவாளுக்குத்தான் தெரியும்" என்றார்.

பார்த்தேன். வேறு வேலையே இல்லாதவள் போலப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் அன்றைக்குத் தூக்கத்தில் சண்டை நிச்சயம். மறுநாள் பாயை விட்டு எழுந்திருக்கவே அரை மணி ஆகும். ராத்திரிச் சாப்பாட்டைப் பொழுது சாயும்போதே நாலு இட்லியோடு முடித்துக்கொண்டால் கத்தல் குறைந்தது. காலைத் தேநீர் காலுக்குத் தெம்பு கொடுத்தது. மாலைத் தேநீர் தூக்கத்தைக் கெடுத்தது. மூன்று நாள் வயிறு போகாவிட்டால், விழுங்கிய மாத்திரை எங்கே போனது என்றே தெரியாது, ஆள் கட்டை போல ஆகிவிடுவார். கீரையும் பப்பாளியும் வெந்நீரும் கொடுத்து வயிறு இளகிய நாளில் அதே மாத்திரை அரை மணியில் வேலை செய்யும். வெறும் தண்ணீர் குடித்தால் புரையேறும். கஞ்சி மாதிரிக் கெட்டியாக இருந்தால் இதமாக இறங்கும்.

இவற்றை நானாகக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. அதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். சம்பந்தி வீட்டு விருந்தில்கூட அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அது வேண்டாம், இது வேண்டாம் என்றேன். கல்யாண வீடுகளில் எங்கள் ஆட்கள் நாலைந்து பேராக ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவார்கள். அந்த விருந்தில் அவருடைய கை நடுங்கி அந்தப் பெரிய தட்டில் மற்றவர் பக்கம் சோறு சிதறியது. அவர் பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த விருந்துக்கும் போகவில்லை. வீட்டிலும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். கொடுத்ததைச் சாப்பிடுகிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, நோன்பு மார்கழிக் குளிரில் வந்தது. நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, அதற்குப் பதிலாக நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று பள்ளிவாசல் ஹஜரத் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் கேட்கவில்லை.

"கையும் காலும் என் பேச்சக் கேக்கறதில்ல. வயிறாவது கேக்குதான்னு பாக்கறேன்" என்றார்.

விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, மாலை நோன்பு திறந்ததும் ஒன்று. மத்தியான மாத்திரை இல்லை. முதல் இரண்டு நாளும் எனக்கே ஆச்சரியம். மாலையில் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு வேளையோடு படுத்தவர் அசையாமல் தூங்கினார். நானே தப்பாக நினைத்துவிட்டேனோ, பட்டினிதான் இதற்கு மருந்தோ என்றுகூட யோசித்தேன். மூன்றாம் நாள் வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. வயிறு அடைத்துக்கொண்டது. எட்டாம் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கிளம்பியவர் வாசற்படியில் கால் தரையில் ஒட்டியது போல நின்றுவிட்டார். மேல் உடம்பு மட்டும் முன்னால் போனது. விழுந்ததில் புருவம் கிழிந்தது.

மறுநாள் நான் மட்டும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். வைகுண்ட ஏகாதசி சமயம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. மொட்டைக் கோபுரத்தைத் தாண்டிக் கூட்டத்தில் நசுங்கி டாக்டர் வீடு போய்ச் சேர்ந்தேன். அவரும் அன்று உபவாசம். முழுவதையும் கேட்டுவிட்டு, வேளையோடு லேசாகச் சாப்பிட்டது நல்லதுதான், அதில் நீங்கள் நினைத்தது தப்பில்லை என்றார். ஆனால் தண்ணீரையும் மத்தியான மாத்திரையையும் நிறுத்தினால் அந்த நல்லது நிற்காது.

"பட்டினியோட அருமை எனக்கும் தெரியும். அவருக்கு அது கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்கோ. சாப்பிடறதுதான் இப்ப அவருக்கு நோன்புன்னு சொல்லுங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சரி என்றார். ஊரே நோன்பிருக்கும் மத்தியானத்தில் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் கிண்ணத்தைத் தள்ளியபோது அவர் சொன்னார். குரல் அப்போதே மெலிந்துவிட்டது, குனிந்துதான் கேட்க வேண்டும்.

"நாலு வருஷமா நீ என்னப் பாக்கறதே இல்ல. என் தட்டத்தான் பாக்கறே."

நான் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். கோபம் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க ஆள் தேடியபோது, ஹஜரத் ஒருவரை அனுப்பினார். காந்தி மார்க்கெட்டில் கைவண்டி இழுத்தவர், நெஞ்சு வியாதியில் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். அவருக்கும் நோன்பு வைக்க உடம்பில்லை. சாப்பாட்டைத் தூக்கில் கட்டிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். என் கணவர்தான் உள்ளே கூப்பிடச் சொன்னார்.

நோன்பு நேரத்தில் சாப்பிடுவது தெருவுக்குத் தெரியாமல் இருக்கக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு திரையைக் கட்டி, அதற்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். முதல் நாள் கஞ்சி கொடுத்தேன். ஒருவருக்குக் கை நடுங்கிக் கஞ்சி சிந்தியது, இன்னொருவருக்கு இருமல் வந்து வாயிலிருந்து தெறித்தது. இருமி முடித்தவர், "நம்ம ரெண்டு பேரையும் ஒரே சஹன்ல உக்கார வச்சா சஹன் காலியாயிரும், வயித்துக்கு ஒண்ணும் போயிருக்காதுங்க" என்றார். என் கணவர் சிரித்தார். முகம் இறுகிப்போய்ச் சிரிப்பு வெளியே தெரியாத காலம் அது. தோள் குலுங்கியதால்தான் சிரிக்கிறார் என்று கண்டுகொண்டேன்.

மறுநாளிலிருந்து நான் அடுப்பங்கரையிலேயே இருந்தேன். கிண்ணத்தை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் போல மெதுவாகச் சாப்பிடுவார்கள். மார்க்கெட் கதை, டைப்ரைட்டிங் பிள்ளைகள் கதை. கிண்ணம் காலியாகத் திரும்பி வரும். பிறகு அந்த மனிதர் அவர் கையைப் பிடித்துத் தெருக்கோடி வரைக்கும் நடத்திக்கொண்டு போவார். வண்டி இழுக்கும்போது எண்ணுவது போல ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவார். அந்த எண்ணிக்கைக்கு என் கணவரின் கால் வாசற்படியில் ஒட்டாமல் எழும்பியது. அந்த ராத்திரிகளில் நன்றாகத் தூங்கினார். கஞ்சியாலா, நடையாலா, மாத்திரையாலா, சிரித்ததாலா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிரித்துச் சொல்லத் தனக்குத் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

நோன்பு முடிந்த பிறகும் அந்த வண்டிக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் வந்தார். மறு வருஷம் உடம்பு தேறி மறுபடி வேலைக்குப் போனார், வண்டி இழுக்காமல், கடையில் உட்கார்ந்து செய்யும் வேலை.

என் கணவரின் நோய் நிற்கவில்லை. சாப்பாடு அதை நிறுத்தும் என்று நம்பியது என் அறியாமை. நாளாக ஆக நடை போனது, பேச்சு போனது, கடைசியில் எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வேளையோடு சாப்பிட்ட நாள் அவருக்குச் சுலபமான நாளாக இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. அவருக்கு ஊட்டும்போது கிண்ணத்தைக் கீழே வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்து ஊட்டினேன். விழுங்கியாயிற்றா என்பது கழுத்தில் தெரியும். போதும் என்பது கண்ணில் தெரியும். அறுபத்தொன்பதில் ஒரு காலை நேரம், பாதிக் கிண்ணத்தில் போதும் என்று கண்ணால் சொன்னார். நானும் போதும் என்று எடுத்து வைத்துவிட்டு, அவர் வாயைத் துடைத்துவிட்டு, மூச்சு அடங்கும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.