செல்வி அக்காவின் தோட்டத்துக்கு எதிராக ஒரு மனு

ஆவடி நிலையத்தில் மின்சார ரயிலுக்காக நின்றிருந்தபோது மனைவி அழைத்தாள். "செல்வி அக்கா போயிட்டாங்க" என்றாள். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். வந்த ரயிலில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

கோவில்பதாகையில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தார். தெருவில் எல்லோரும் வாசலிலிருந்து பின்சுவர் வரை சிமென்ட் பூசியபோது அவர் மட்டும் பாதி மனையை மண்ணாகவே விட்டிருந்தார். செம்பருத்தி, எருக்கு, நொச்சி, மூலையில் ஒரு சருகுக் குவியல். உங்களில் பலரைப் போல நானும் அதைப் புதர் என்றுதான் நினைத்தேன். குடிவந்த புதிதில், சருகைக் கொளுத்திவிடக் கூடாதா என்று கேட்டேன். "குப்பைன்னு நெனைச்சிகினீங்களா சார்? அரணைக்கு அதான் ஊடு" என்று சிரித்தார்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் சமையலறைக்குள் பாம்பு வந்துவிட்டது. மனைவியின் அலறல் கேட்டு ஓடிவந்த செல்வி அக்கா பின்கதவைத் திறந்துவைத்தார். அது தானாக வெளியேறும்வரை எங்களை ஒதுக்கி நிறுத்தினார். "சாரைதான் சார், விஷம் இல்ல. எலியைத் தேடிகினு வந்துகீது." எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. மறுநாளே அவர் தோட்டத்தை அகற்ற வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்துக்கு மனு எழுதினேன். முதல் கையெழுத்து என்னுடையது. தெருவில் இன்னும் பத்துப் பேர் போட்டார்கள்.

சங்கத்தார் ஆட்களோடு வந்த அன்று, அவர் மனுவை நிதானமாகப் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லோரையும் செம்பருத்தியிடம் அழைத்துப்போனார். இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு. உள்ளே தையல்சிட்டுக் குஞ்சுகள் வாயைப் பிளந்தன. "வெட்ட வேணான்னு சொல்லல. குஞ்சு பறக்கட்டும், நானே வந்து கூப்புடுறேன்" என்றார். வந்தவர்கள் திரும்பிப்போனார்கள்.

அதன்பின் தினமும் மாடி ஜன்னலில் நின்று அந்தக் கூட்டைப் பார்த்தேன். தாய்ச்சிட்டு ஒரு நாளில் எத்தனை முறை புழுவோடு வருகிறது என்பதை அதுவரை நான் அறிந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி அக்கா கையில் அரிவாளோடு என் வாசலில் நின்றார். "பறந்துடுச்சி சார். வாங்க, வெட்டலாம்." சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்திருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

என்னால் முடியவில்லை. சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய் என் பெயரை அடித்தேன். மற்றவர்களிடமும் பேசினேன், இரண்டு பேர் கடைசிவரை ஒப்பவில்லை. தெருப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தினால் போதும் என்று முடிவானது. அன்று மாலை கம்பிவலையோடு வந்து, எங்கள் சமையலறைத் தண்ணீர் போகும் துளையை, இனி பாம்பு நுழையாதபடி, அவரே அடைத்துத் தந்தார். மனுவைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அடுத்த மாதம் என் வீட்டுப் பின்பக்கத்துச் சிமென்ட்டைப் பெயர்த்தேன். அவர் தந்த கறிவேப்பிலைக் கன்றை நட்டோம். இலையைப் புழுக்கள் தின்றபோது மருந்தடிக்கப் போன மனைவியைத் தடுத்தார். "அது பட்டாம்பூச்சி ஆகப்போறது. பாதி செடி உனக்கு, பாதி அதுக்கு." பறவைகளுக்கு வைத்த தண்ணீர்ச் சட்டியில் கூழாங்கல் போடச் சொன்னார், தேனீ உட்கார்ந்து குடிக்க. இன்று எங்கள் வீட்டுக்குக் கொண்டைக்குருவி வருகிறது, அரணை வருகிறது. அத்தனைக்கும் அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அவரை எடுத்துச் செல்லும் நாளில், பந்தல் போட வந்தவர்கள் நொச்சிக் கிளையொன்று இடிக்கிறது என்றார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்று நாற்காலியில் ஏறி இலைகளை விலக்கிப் பார்த்தேன். கூடு எதுவும் இல்லை. வெட்டிக்கொள்ளச் சொன்னேன். வெட்டும் முன் ஒருமுறை பார்ப்பது: செல்வி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.